ஒன்றிணைப்புச் செய்திச் சுருக்கத்தின் வரலாறு

ஒன்றிணைப்புச் செய்தி என்பது மூலநிரலின் தனித்தனிக் கிளைகளைச் சேர்க்கும்போது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பதிவாகும் குறிப்பு ஆகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலர் எழுதும் விளக்கம் கமிட் செய்தி எனப்படும். பல வரிகள் கொண்ட இவ்விளக்கங்களைச் சுருக்கிக் காட்டும் முறை படிப்படியாக வளர்ந்தது.

தொடக்கம்

சிவிஎஸ் மென்பொருள் கிளைகள் இணைக்கப்பட்டதைத் தனியாகப் பதிவு செய்யவில்லை. எந்தக் கிளையிலிருந்து எவை வந்தன என்பதை நிரலரே எழுத வேண்டியிருந்தது. அவர் எழுதாவிட்டால் அத்தகவல் கிடைக்காது. சப்வெர்சன் 2008இல் வெளியான 1.5 பதிப்பில்தான் இணைப்புகளைத் தானே கண்காணிக்கத் தொடங்கியது.

மின்னஞ்சலின் தாக்கம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் கருனிக்காக கிட் மென்பொருளை உருவாக்கினார். கருனிக்கான மாற்றங்கள் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டு வந்தன. அதனால் மின்னஞ்சலின் பொருள் வரியே கமிட் செய்தியின் தலைப்பாகவும், மடலின் உடல் விளக்கமாகவும் அமைந்தன. தலைப்பு 50 எழுத்துகளுக்குள் இருப்பது நன்று என்றும், அதன்பின் ஒரு வெற்று வரி விட வேண்டும் என்றும் கிட் கையேடு பரிந்துரைக்கிறது.

சுருக்கும் முறை

முதல் வெற்று வரி வரையுள்ள பகுதியை கிட் தலைப்பாகக் கொள்கிறது. அது பல வரிகளில் இருந்தால் இடைவெளியிட்டு ஒரே வரியாக்குகிறது. வெற்று வரி விடாதவரின் முழு விளக்கமும் நீண்ட தலைப்பாகிவிடும். இணைக்கும்போது 'லாக்' விருப்பத்தைத் தேர்ந்தால், இணையும் கமிட்டுகளின் தலைப்புகள் ஒன்றிணைப்புச் செய்தியில் பட்டியலாகச் சேரும். எண் குறிப்பிடாவிட்டால் அதிகபட்சம் 20 தலைப்புகளே இடம்பெறும். 'ஸ்குவாஷ்' முறையில் பல கமிட்டுகள் ஒன்றாக்கப்படும்போது, அவற்றின் முழுச் செய்திகளும் வரைவாகத் தரப்படுகின்றன.

2012 மாற்றம்

தலைப்புகளின் பட்டியல் என்னென்ன வந்தன என்பதைக் கூறும். ஏன் இணைக்கப்பட்டன என்பதைக் கூறாது. எனவே 2012 ஏப்ரலில் வெளியான கிட் 1.7.10, முனையத்தில் ஒன்றிணைக்கும்போது செய்தியைத் திருத்துவதற்கான உரைத்தொகுப்பியைத் தானே திறக்கத் தொடங்கியது. இணைப்பவர் அதில் காரணத்தை எழுதலாம்.

முக்கியத்துவம்

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு வழுவின் மூலத்தைத் தேடுபவர் முதலில் காண்பது இத்தலைப்புகளையே. "சிறு திருத்தம்" என்ற தலைப்பு எத்தனை பட்டியலில் வந்தாலும் அவருக்கு உதவாது. கருவி தலைப்பைத் தொகுக்கும். அதற்குப் பொருள் தருவது எழுதியவரின் பொறுப்பாகவே உள்ளது.