மலை ஏறும் எஞ்சினும் மணிக்கு எழுபதும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைச்சாலையில் ஊத்து என்னும் இடத்தில் பிரிந்து சென்றால் பண்ணைக்காட்டை அடையலாம். காப்பியும் மலைவாழையும் மிளகும் விளையும் கீழ்ப்பழனி மலைப்பகுதி இது. இந்தச் சாலையில் ஏறும் ஒரு காரின் வேகமானியைப் பார்த்தால், முள் பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் இடையில்தான் ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் அதே வேகமானியின் வட்டத்தில் 180, 200 என்றெல்லாம் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்.

2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, எட்டுப் பயணிகள் வரை ஏற்றும் கார்களுக்கு விரைவுச்சாலைகளில் மணிக்கு 120 கிலோமீட்டரும், பிரிக்கப்பட்ட நான்குவழிச் சாலைகளில் 100 கிலோமீட்டரும், ஏனைய சாலைகளில் 70 கிலோமீட்டரும் உச்சவேகம் என வரையறுத்தது. எங்கும் 120-ஐத் தாண்டக் கூடாது என்றால், தாண்டக்கூடிய வண்டியை ஏன் செய்கிறார்கள்? சட்டம் ஒரு பக்கமும் இயந்திரம் ஒரு பக்கமுமாகப் போவது ஏன்? விடையின் ஒரு பாதி இந்த மலைச்சாலையிலேயே இருக்கிறது. மறுபாதி வரலாற்றில் இருக்கிறது.

முதல் அபராதம்

மோட்டார் வண்டி பிறந்தபோதே வேகச் சட்டம் அதற்கு முன்னால் காத்திருந்தது. இங்கிலாந்தில் நீராவி வண்டிகளுக்காக 1865-இல் இயற்றப்பட்ட சட்டம், ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று வரம்பு விதித்திருந்தது. 1896 ஜனவரியில் கென்ட் மாவட்டத்தில் வால்டர் அர்னால்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் ஊருக்குள் சென்றதற்காக அபராதம் கட்டினார். அதே ஆண்டு வரம்பு 14 மைலாகவும், 1903-இல் 20 மைலாகவும் உயர்ந்தது. வண்டி முன்னால் ஓட, சட்டம் பின்னால் வருவது அன்றே தொடங்கிவிட்டது.

நம் நாட்டிலும் மோட்டார் யுகம் விரைவில் வந்தது. 1903-இல் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் நீராவிக் கார் ஒன்று உருவாயிற்று. 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. அதற்கு முன்பெல்லாம் கொடைக்கானலுக்குச் செல்வோர் அடிவாரத்திலிருந்து குதிரைப் பாதை வழியாக நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ ஏறினர். முதல் உலகப்போர்க் காலத்தில்தான் மோட்டார் வண்டிகள் மலையேறத் தொடங்கின. 1920-இல் பழனிமலையின் வடக்கு அடிவாரத்தில், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு தம் முதல் பேருந்தை ஓட்டினார். அந்நாளைய வண்டிகளுக்குச் சமவெளி பெரும் சோதனையன்று. மலையே சோதனை. ஏற்றத்தில் நீர் கொதித்து நின்றுவிடாத எஞ்சினே நல்ல எஞ்சின் எனப் பெயர் பெற்றது.

ஒரு சிறு கணக்கு

ஏற்றத்துக்கும் வேகத்துக்கும் என்ன உறவு? ஆட்களோடும் சாமான்களோடும் 1200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சாலை 12 அடிக்கு ஓர் அடி உயர்கிறது எனக் கொள்வோம். கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது.

காரைக் கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பின் பங்கு ஏறத்தாழ 980 நியூட்டன். சக்கரங்கள் உருளுவதற்கு ஏற்படும் தடை சுமார் 176 நியூட்டன். காற்றின் தடை 66 நியூட்டன்தான். மொத்தம் 1222 நியூட்டன். இந்த விசையை வினாடிக்கு 11.1 மீட்டர் என்ற வேகத்தால் பெருக்கினால், தேவைப்படும் திறன் ஏறத்தாழ 13.6 கிலோவாட் எனக் கிடைக்கும்.

இனி அதே கார் அதே திறனுடன் வத்தலக்குண்டுச் சமவெளியில் ஓடட்டும். புவியீர்ப்பின் இழுப்பு இப்போது இல்லை. காற்றுத் தடையும் உருளும் தடையும் மட்டுமே எதிரிகள். காற்றுத் தடை வேகத்தின் இருமடிப்படி கூடும். கணக்கிட்டால், 13.6 கிலோவாட் திறன் காரை மணிக்கு சுமார் 92 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகும்! மலையில் 40 என்பதும் சமவெளியில் 92 என்பதும் எஞ்சினுக்கு ஒரே உழைப்புதான்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2100 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானே உறிஞ்சி எரிக்கும் சாதாரண எஞ்சினின் திறனும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே மேல்மலையிலும் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால், அடிவாரத்தில் அந்த எஞ்சினிடம் சுமார் 22 கிலோவாட் இருக்க வேண்டும். சமவெளியில் அது காரை 112 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்.

எனவே பண்ணைக்காட்டுக்கு ஒழுங்காக ஏறும் எந்தக் காரும், சமவெளியில் 70 என்ற வரம்பை மீறும் ஆற்றலோடுதான் பிறந்தாக வேண்டும். இது ஆலையின் தவறன்று, இயற்பியலின் விளைவு. எஞ்சினை எப்போதும் அதன் முழுத் திறனில் ஓட்டினால் தேய்மானமும் சூடும் மிகும் என்பதால், சற்றே மிச்சம் வைத்துக் கட்டுவதும் பொறியியல் வழக்கமே.

மலை சொல்லாத பாதி

ஆனால் இந்த விளக்கம் எதுவரை செல்லும்? நம் கணக்குக் காரை 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட 76 கிலோவாட் வேண்டும். இது மேல்மலைக்குத் தேவையானதைப்போல் மூன்றரை மடங்கு. இன்றைய கார்களின் வடிவம் காற்றை எளிதாகக் கிழிப்பதால் தேவை சற்றுக் குறையும்; எனினும் 180-க்கு மலை காரணமாகாது. அங்கே பேசுவது சந்தை. 1983-இல் வெளிவந்த மாருதி 800 கார் 40 குதிரைத்திறனுக்கும் குறைந்த எஞ்சினுடன் பல்லாண்டு நம் மலைகளில் ஏறி இறங்கியது. அதற்கு மேற்பட்ட திறன், வாங்குவோரின் ஆசைக்கும் விற்போரின் விளம்பரத்துக்கும் உரியது. வரம்பே இல்லாத சாலைப்பகுதிகள் உள்ள ஜெர்மனி போன்ற நாடுகளிலும் விற்க வேண்டும் என்பது நிறுவனங்கள் கூறும் மற்றொரு காரணம்.

கடிவாளத்தின் கதை

திறன் இருந்தால் இருக்கட்டும்; வேகத்துக்கு மட்டும் கடிவாளம் போடலாமே என்று கேட்கலாம். கடிவாளம் புதிதன்று. ஜேம்ஸ் வாட் 1788-இலேயே தம் நீராவி எஞ்சினில், சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட கவர்னரைப் பொருத்தினார். எஞ்சின் விரைந்தால் குண்டுகள் விலகி எழுந்து நீராவியைக் குறைக்கும்.

அதைக் காருக்கும் பூட்ட வேண்டும் என்ற குரல் 1923-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் எழுந்தது. கார்களின் வேகம் மணிக்கு 25 மைலைத் தாண்டாதபடி கருவி பொருத்த வேண்டும் எனச் சுமார் 42,000 பேர் கையொப்பமிட்டனர். தெருவில் மாண்ட குழந்தைகளின் நினைவு அக்கையொப்பங்களின் பின்னே இருந்தது. கார் வணிகர்கள் ஒன்றுதிரண்டு எதிர்ப்பிரசாரம் செய்தனர். வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது. அதன்பின் ‘வண்டியைக் கட்டாதே, ஓட்டுநரைத் தண்டி’ என்பதே உலகின் பொதுவழி ஆயிற்று.

அந்நாளில் எதிர்ப்பாளர்களின் பக்கம் ஓரளவு நியாயமும் இருந்தது. எஞ்சினின் சுழற்சியைத் தடுக்கும் பழைய கவர்னர், சிறிய கியரில் மலையேறும்போதும் குறுக்கே நிற்கும். இன்றைய மின்னணுக் கருவியோ சக்கரத்தின் வேகத்தை அளந்து, வரம்பைத் தொட்டபின் மட்டுமே எரிபொருளைக் குறைக்கும். ஏற்றத்துக்கான திறனைத் தொடாது. ஆகவே ‘மலையேற வேண்டுமே’ என்பது, கடிவாளம் வேண்டாம் என்பதற்கு இன்று காரணமாகாது.

இந்தியா பாதிவழி வந்திருக்கிறது. 2015 அக்டோபர் முதல் புதிய பேருந்து, லாரி முதலிய போக்குவரத்து வாகனங்களுக்கு 80 கிலோமீட்டரில் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். பள்ளிப் பேருந்துகளுக்கு 60. எட்டுப் பயணிகள் வரை ஏற்றும் கார்களுக்கு விலக்கு. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் 80-இல் எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. மணி ஒலிக்குமே தவிர வண்டியை நிறுத்தாது.

எண் ஒன்று, இடம் பல

ஆனால் கடிவாளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் பாதுகாப்பான வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்கூட இராது. 70-இல் பூட்டிய கார் அங்கே 50-இல் வந்தாலும் பள்ளத்தில்தான் விழும். இறக்கத்திலோ கருவி எரிபொருளை நிறுத்தினாலும் புவியீர்ப்பு நிற்காது. அதனால்தான் ‘ஏறிய கியரிலேயே இறங்கு’ என்கிறார்கள் மலை ஓட்டுநர்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். சிறிய கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியும் இந்த இயற்பியலை ஒட்டியதே. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் அல்லவா?

வரம்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. இயந்திரம் இடம் அறியாது. நெடுங்காலம் இதுவே வலுவான வாதமாக இருந்தது. செயற்கைக்கோள் வழிகாட்டியும் சாலைப் பலகையைப் படிக்கும் கேமராவும் அதையும் மாற்றிவிட்டன. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும், அந்தந்தச் சாலையின் வரம்பை அறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயமாகியுள்ளது. எனினும் ஓட்டுநர் விரும்பினால் அதை மீறலாம்.

நம் மாநிலத்திலும் இவ்வழக்கு மன்றம் ஏறியது. எஞ்சின் நுட்பமும் சாலைகளும் மேம்பட்டுள்ளன என்ற காரணத்தைக் காட்டி வேகவரம்பை உயர்த்திய 2018-ஆம் ஆண்டு அறிவிப்பை, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்து தீர்ப்பளித்தது. எஞ்சின் மேம்படலாம், ஆனால் மோதலில் வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படியே கூடும். 60-ஐ 120 ஆக்கினால் அடி நான்கு மடங்கு. மனித எலும்பு 1896-இல் இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அரசின் பதிவுகளின்படி அவர்களில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் மிகை வேகத்தால் இறந்தவர்கள். மலையேறக் கொடுத்த வலிமையை மலையேறப் பயன்படுத்துவது அறிவு. அதற்கும் மேலே விற்கப்படும் வலிமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை, வாங்குபவரும் விற்பவரும் சட்டம் இயற்றுபவரும் சேர்ந்தே எதிர்கொண்டாக வேண்டும்.