பாலைவன ஓட்டம்: சுமக்கும் உணவும் அருந்தும் நீரும்

மொரோக்கோவின் தென்பகுதியில், சஹாரா பாலைவனத்தில் நடத்தப்படும் "மாரத்தான் தே சாப்ல்" போட்டி, உலகின் மிகக் கடினமான ஓட்டப் போட்டிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தைப் பல கட்டங்களாகக் கடக்கும் போட்டியாளர்கள், அத்தனை நாட்களுக்குமான உணவைத் தாமே சுமந்து செல்ல வேண்டும் என்பது இதன் அடிப்படை விதியாகும். குடிநீரையும், இரவு தங்கக் கூடாரங்களையும் ஏற்பாட்டாளர்கள் வழங்குகின்றனர்.

பிரான்ஸைச் சேர்ந்த பத்ரிக் பௌவர், 1984 ஆம் ஆண்டில் உணவையும் நீரையும் முதுகில் சுமந்தபடி சஹாராவில் சுமார் 350 கிலோமீட்டர் தூரம் தனியே நடந்தார். அந்த அனுபவத்திலிருந்தே 1986 இல் இப்போட்டி பிறந்தது.

எடையா, உணவா?

பையின் எடை, நீர் நீங்கலாக, 6.5 கிலோவுக்குக் குறையாமலும் 15 கிலோவுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 2,000 கிலோகலோரி வீதம் உணவு இருக்க வேண்டும் என்பதும் விதி. எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்பதால், உணவைக் குறைக்கும் ஆசை போட்டியாளர்களுக்கு எழுவது இயல்பு. அதற்கு இவ்விதி வரம்பு கட்டுகிறது.

ஒரு கிராம் மாவுச்சத்து சுமார் 4 கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரியும் தருகின்றன. எனவேதான் பருப்பு வகைகளும், நீர் நீக்கி உலர்த்தப்பட்ட உணவுகளும் பைகளில் முதலிடம் பெறுகின்றன. ஆயினும் வேகமாக ஓடும்போது உடல் பெரிதும் நம்பியிருப்பது மாவுச்சத்தையே என்பதால், கொழுப்பை மட்டும் சுமப்பதும் தீர்வாகாது.

நீர் மிகுந்தாலும் ஆபத்து

நீர் கிடைக்காமற்போனால் என்னவாகும் என்பதை 1994 ஆம் ஆண்டுப் போட்டி உணர்த்தியது. மணற்புயலில் வழிதவறிய இத்தாலிய வீரர் மௌரோ புரோஸ்பெரி, தமது சிறுநீரையும் வௌவால்களின் இரத்தத்தையும் குடித்து உயிர் பிழைத்தார். சுமார் பத்து நாட்களுக்குப் பின்னர் அவர் அல்ஜீரியாவில் மீட்கப்பட்டார்.

ஆனால் அளவுக்கு மீறி நீர் அருந்துவதும் உயிருக்கு ஆபத்தானது. இரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கக்கூடும் என்பதே காரணம். 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் 488 பேரிடம் நடத்தப்பட்ட இரத்தப் பரிசோதனையில், 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது தெரியவந்தது. ஓடும்போது உடல் எடை கூடியவர்களிடமே, அதாவது இழந்ததை விட அதிகமாக நீர் அருந்தியவர்களிடமே, இது பெரிதும் காணப்பட்டது. அதே போட்டியில் ஓடிய பெண் ஒருவர் இந்நிலையால் உயிரிழந்தார்.

உப்பு மாத்திரைகளை விழுங்குவதால் மட்டும் இந்த ஆபத்து நீங்கிவிடாது. தாகத்தின் அளவறிந்து அருந்துவதே பாதுகாப்பானது என்று மருத்துவ வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர். எவ்வளவு உணவைச் சுமக்க வேண்டும் என்பதை விதிகள் வரையறுக்க முடியும். எவ்வளவு நீரை, எப்போது அருந்துவது என்பதையோ ஓடுபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.