32 பைட் பெயர்ப்பலகை

எங்கள் வீட்டு வாசல் தூணில் 'முருகன் துணை' என்று சிமெண்டில் எழுத்து எடுத்திருக்கும். தாத்தா வீடு கட்டியபோது கொத்தனாரே கரணையால் வழித்து எடுத்தது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய வேலை என்பதால், கடைசி 'ணை' யானைத் துதிக்கை வைத்த பழைய 'ணை'. வெள்ளையடிக்க வரும் ஒவ்வொருவரும் அந்தத் துதிக்கையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பட்டியைத் தொடுவார்கள்.

போன மாதம் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். ரௌட்டரைச் சுவரில் மாட்டிய தம்பி, "சார், வைஃபைக்குப் பேரு என்ன வைக்கட்டும்? அப்படியே விட்டா கம்பெனி பேரும் பின்னாடி நாலு நம்பரும்தான் வரும்" என்றான். வாசலில் உள்ள பெயரே இருக்கட்டும் என்று அவன் மடிக்கணினியை வாங்கித் தமிழிலேயே அடித்தேன். பெட்டி சிவப்பானது. "தமிழ் எடுக்காது சார். இங்கிலீஷ்லயே போட்டுருங்க, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

நான் விடவில்லை. 'முருகன்' என்று மட்டும் அடித்தேன். எடுத்துக்கொண்டது. அதை அழித்துவிட்டு 'துணை' என்று அடித்தேன். அதையும் எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்தால் மறுபடி சிவப்பு. தம்பிக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. "நீங்களே பாத்து வச்சுக்குங்க சார்" என்று ரௌட்டரின் முகவரியான 192.168.1.1-ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். முருகனுக்கும் துணைக்கும் நடுவே என்ன தகராறு என்று தேடப் போனதில்தான் இந்தப் பெட்டி பிறந்த கதை கிடைத்தது.

கம்பியில் ஓடும் வலைக்குப் பெயர் தேவைப்பட்டதில்லை. எந்தக் கம்பியைச் செருகினாயோ அந்த வலையில் இருக்கிறாய், அவ்வளவுதான். காற்றுக்கு அப்படிச் சொருகும் இடம் கிடையாது. ஒரே கூடத்தில் இரண்டு வலைகள் அலையடித்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி வருவதற்கே முதலில் காற்றைத் திறந்துவிட வேண்டியிருந்தது. 1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளரின் விடாப்பிடியான முயற்சியால், சில அலைப்பட்டைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. அதில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்புகள் இரைந்துகொண்டிருக்கும் பட்டை அது. வேறு யாரும் கேட்காத புறம்போக்கு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புறம்போக்கில் முதலில் குடிசை போட்டவர்களில் ஒருவர் கல்லாப்பெட்டிக்காரர். என்.சி.ஆர். நிறுவனம் கடைகளுக்குக் கல்லா இயந்திரங்கள் விற்றுவந்தது. கடையில் அலமாரிகளை இடம் மாற்றும்போதெல்லாம் கல்லாவுக்குப் போகும் கம்பியையும் பிடுங்கி நட வேண்டும். கம்பியே இல்லாமல் செய்தால் என்ன என்று நெதர்லாந்தில் நியூவெகைன் என்ற ஊரில் இருந்த அவர்களுடைய பொறியாளர் குழு உருவாக்கியதுதான் வேவ்லான். அதில் ஒவ்வொரு வலைக்கும் ஓர் எண் உண்டு. நாலு இலக்கம், பதினாறடிமான எண். ரேஷன் அட்டை எண் மாதிரி, அதிகாரிக்குப் புரிந்தால் போதும்.

அதே என்.சி.ஆரைச் சேர்ந்த விக் ஹேஸ் 1990 முதல் பத்தாண்டுகள் தலைமை தாங்கிய ஐ.இ.இ.இ. குழு, 1997-இல் 802.11 என்ற தரநிலையை வெளியிட்டது. ஒரு நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட், அன்றைய வேகம் அவ்வளவே. வலையைச் சுட்ட அதில் இரண்டு வழிகள் இருந்தன. இயந்திரத்துக்காக 48 பிட் கொண்ட ஓர் எண், மனிதர்கள் எதை வேண்டுமானாலும் இட்டு நிரப்பிக்கொள்ள 32 பைட் கொண்ட ஒரு பெட்டி. இந்த இரண்டாவதுக்குத்தான் எஸ்.எஸ்.ஐ.டி. என்று பெயர். 'சேவைத் தொகுதி அடையாளம்' என்று மொழிபெயர்க்கலாம். மூலத்திலேயே அது அவ்வளவு வறட்சிதான். ஒரு கட்டடத்தில் பத்து ரௌட்டர்கள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயரை இட்டால் ஒரே வலை. மாடி ஏறும்போது அறுந்துபோகாமல் கைமாறிக்கொள்ளலாம். பெட்டியின் வேலை அதுதான். வீட்டுக்குப் பெயர் வைப்பது யார் நினைப்பிலும் இருந்திருக்காது.

வைஃபை என்ற சொல்லே ஒரு பெயர் மாற்றத்தில் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1999-இல் '802.11பி' வந்தபோது அந்தப் பெயரோடு கடைவீதிக்குப் போக முடியாது என்று தெரிந்துவிட்டது. நிறுவனங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பு, பெயர் சூட்டுவதையே தொழிலாகக் கொண்ட இன்டர்பிராண்டிடம் காசு கொடுத்து வாங்கியது 'வைஃபை'யை. ஹைஃபை என்பதோடு எதுகை சேர்ந்ததால் பிடித்துப்போயிற்று. அதற்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது. 'வயர்லெஸ் ஃபிடிலிட்டி' என்பது பிறகு ஒட்டவைத்த விளம்பர வாசகம். இன்றும் போட்டித் தேர்வுக் கையேடுகள் சிலவற்றில் அதையே சரியான விடையாகப் போடுகிறார்கள்.

அதே 1999-இல் ஆப்பிள் தன் ஏர்போர்ட்டை வெளியிட்டது. வீடுகளுக்குள் ரௌட்டர் நுழைய ஆரம்பித்தது. வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்தார்கள், மின்சாரம் கொடுத்தார்கள், வேலை செய்தது, விட்டுவிட்டார்கள். ஆகவே தெருவெல்லாம் ஒரே பெயர். லிங்க்சிஸ் ரௌட்டர் 'லிங்க்சிஸ்' என்றே கத்தியது. டி-லிங்க் 'டீஃபால்ட்' என்றது, அதாவது 'பெயர் வைக்கவில்லை' என்பதையே பெயராக வைத்துக்கொண்டது. சிஸ்கோவின் ஒரு வகை ரௌட்டர் 'சுனாமி' என்றது. 2004 டிசம்பருக்கு முன்னால் நம் கடற்கரையில் அந்தச் சொல்லைப் படித்திருந்தால் ஏதோ ஜப்பான் சங்கதி என்று கடந்திருப்போம்.

கத்தியது என்று சும்மா சொல்லவில்லை. ரௌட்டர் தன் பெயரை வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை அறிவிக்கிறது. ஒரு நாளைக்கு 8 லட்சத்து 43 ஆயிரத்து 750 முறை. பிள்ளைக்குப் பெயர் வைத்தால் காதில் மூன்று முறை சொல்கிறோம், அதோடு சரி. பெயரை மறைத்து வைக்கும் வசதியும் ரௌட்டரில் உண்டு. பலர் அதைப் பெரிய பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். ரௌட்டர் வாயை மூடிக்கொண்டால் போன இடமெல்லாம் கைப்பேசி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடும். எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தியாவில் இந்தக் கதை இருபது ஆண்டு பின்தங்கித் தொடங்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை வெளியிலும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்ற அறிவிக்கை 2005 ஜனவரியில்தான் வந்தது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டும் அதே மாதத்தில். பெயரையும் பாஸ்வேர்டையும் தொட வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வந்தது 2008-இல், அதுவும் கசப்பான வழியில். அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. மும்பை போலீஸ் தெருத்தெருவாகத் திறந்த வைஃபை தேடிக் கிளம்பியது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

பூட்டுக்கும் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. டபிள்யூ.பி.ஏ. முறையில் நீங்கள் வைக்கும் பாஸ்வேர்டை அப்படியே பயன்படுத்துவதில்லை. அதோடு வைஃபை பெயரைச் சேர்த்து 4096 முறை அரைத்து எடுத்த விழுதுதான் சாவி. அப்படிச் சேர்க்கும் பொருளுக்கு அந்தத் துறையில் பெயரே உப்பு. எல்லா வீட்டிலும் 'லிங்க்சிஸ்' என்ற ஒரே உப்பு இருந்தால், திருடன் தன் வீட்டில் உட்கார்ந்தபடி பத்து லட்சம் பாஸ்வேர்டுகளை முன்கூட்டியே அரைத்து டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம். 'சர்ச் ஆஃப் வைஃபை' என்ற குழு, அதிகம் புழங்கும் 1000 பெயர்களுக்கு இப்படி அரைத்து வைத்த பட்டியலை வெளியிட்டே காட்டியது. பெயரை மாற்றினால் அந்த டப்பா வீண். ஆனால் பெயரை மாற்றிவிட்டுப் பாஸ்வேர்டாகப் பிறந்தநாளை வைத்திருப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

பெட்டியைத் திறந்துவிட்ட பிறகு மனிதர்கள் அதில் எழுதியதுதான் வேடிக்கை. அடுக்ககத்தில் மேல்வீட்டுக்காரரோடு பேசாதவர்கள் வைஃபை பெயர் வழியாகப் பேசினார்கள்: ராத்திரியில் நாற்காலியை இழுக்காதே, குப்பையை மூடி வை. கூகுள் தன் வரைபடத்துக்காகத் தெருத்தெருவாக வைஃபை பெயர்களைச் சேகரித்து எதிர்ப்பு எழுந்ததும், 2011-இல் ஓர் ஏற்பாடு சொன்னது. சேகரிக்க வேண்டாம் என்பவர்கள் பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடிட்டு 'நோமேப்' என்று சேர்த்துவிடுங்கள். நம் மதில்களில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2021-இல் ஐபோனுக்கு வேறொரு சோதனை வந்தது. விழுக்காட்டுக் குறிகளையும் சில எழுத்துகளையும் ஒரு வரிசையில் கோத்துப் பெயர் வைத்த வலையில் சேர்ந்தால் போதும், போனின் வைஃபையே படுத்துவிடும். பெயரைப் பெயராகப் படிக்காமல் கட்டளையாகப் படித்துவிட்டது அந்த மென்பொருள்.

எனக்குப் பிடித்தது அமெரிக்கக் கடற்படைக் கப்பல் மான்செஸ்டரின் கதை. 2023-இல் அதன் மூத்த அலுவலர்கள் சிலர் தங்களுக்கு மட்டும் என்று ஒரு ஸ்டார்லிங்க் தட்டை ரகசியமாகக் கப்பலின் மேல் பொருத்திக்கொண்டார்கள். அதன் பெயர் 'ஸ்டிங்கி'. 'நாற்றமடிக்கிறது' என்று பொருள். மாலுமிகளின் போன்களில் 'ஸ்டிங்கி' தெரிய, கப்பலெங்கும் கிசுகிசு. உடனே அந்தக் கூட்டத்தின் தலைவி பெயரை மாற்றினார், கம்பியில்லாப் பிரிண்டரின் பெயர் போலத் தோன்றும்படி. அந்தக் கப்பலில் அப்படிப்பட்ட பிரிண்டர் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். கடைசியில் அவர் பதவியில் ஒருபடி இறக்கப்பட்டார்.

சரி, முருகனுக்கு வருவோம்.

பெட்டியில் 32 எழுத்து பிடிக்கும் என்று சொல்வார்கள். 32 எழுத்து அல்ல, 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு இரண்டும் ஒன்று. நமக்கு அப்படியில்லை. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கிறுக்கி உருவாக்கிய யூ.டி.எஃப்.-8 முறைதான் இன்று உலகின் எழுத்துகளையெல்லாம் பைட்டாக மாற்றுகிறது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'க', 'ம' போன்ற அகர எழுத்துக்கு ஒரு குறி, அதன்மேல் ஏறும் கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னொரு குறி. 'மு' என்றால் ஆறு பைட். தாத்தாவின் துதிக்கை வைத்த 'ணை' கொத்தனாருக்கு ஒரே எழுத்து. ரௌட்டருக்கு இரண்டு குறி, ஆறு பைட். வைஃபை பெயர் யூ.டி.எஃப்.-8-இல் இருக்கிறது என்று அறிவிக்கும் வழியே தரநிலையின் 2012 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எழுதியது எப்படித் தெரியும் என்பது பார்க்கிற போனின் தயவு.

ஒரு தாளை எடுத்து எண்ணினேன். முருகன், ஏழு குறி. துணை, நாலு. பதினொன்றை மூன்றால் பெருக்கினால் 33. நடுவில் இடைவெளிக்கு ஒன்று. ஆக 34. இரண்டு பைட் அதிகம். இடைவெளியை எடுத்து ஒட்டி எழுதினாலும் ஒரு பைட் இடிக்கிறது. திருச்சிற்றம்பலத்தை எண்ணிப் பார்த்தேன், 51. 'அன்னை இல்லம்' என்று வைக்கலாமா என்றால் அதுவும் 34. தமிழ்நாட்டு வாசல்களில் பாதிக்கு இந்தப் பெட்டியில் இடம் கிடையாது போலிருக்கிறது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏண்டா, முருகன்னுதான் இருக்கணுமா? கந்தன்னு போட்டுப் பாரேன்."

கந்தன், ஆறு குறி. துணை, நாலு. முப்பது பைட், இடைவெளி ஒன்று. 31. உள்ளே போனது மட்டுமல்ல, ஒரு பைட் மிச்சமும் வைத்தது. கூகுளுக்கு 'விளம்பரம் செய்யாதீர்' எழுதத்தான் இடமில்லை. அதற்கு ஆறு வேண்டும்.

சேமி என்று அழுத்தியதும் வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் அநாதையாயின. பெயர் மாறினால் இயந்திரங்களுக்கு அது வேறு வீடு. மூன்று போன்கள், டிவி, மகளின் மடிக்கணினி, எல்லாவற்றிலும் மறுபடி பாஸ்வேர்டு. டிவியில் ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தியதில் ஒரு சீரியலின் முதல் பாதி போயிற்று. அம்மா அதற்கு இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

மறுநாள் மாலை தண்ணீர் லாரிக்காக வாசலில் நின்றபோது எதிர்வீட்டுக்காரர் போனோடு வந்தார். "சார், நம்ம தெருவுல புதுசா யாரோ கந்தன்னு குடி வந்திருக்காரு போல. உங்களுக்குத் தெரியுமா?"