உதுவன்கந்தை சரதியேல்: ஒரு கொள்ளைத் தலைவனின் வாழ்வும் வீழ்ச்சியும்

சிலுவையில் மனந்திரும்பிய கள்வனைக் குறித்து நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் அவனால் துன்புற்றவர்களை நாம் நினைப்பதில்லை. இலங்கைச் சரித்திரத்தில் இடம்பெற்ற சரதியேலின் வாழ்வு இக்குறையை நமக்கு உணர்த்துகிறது.

1832ஆம் ஆண்டில் பிறந்த சரதியேல், மாவனெல்லைக்கு அருகிலுள்ள உதுவன்கந்தையில் வளர்ந்தான். விகாரைப் பள்ளியில் பயின்றான். கண்டியில் படைவீரர் விடுதியில் ஏவல் வேலை செய்தான். பின்னர் ஊர் திரும்பி, மம்மாலி மரிக்கார் முதலிய தோழர்களைத் திரட்டிக்கொண்டு வழிப்பறியில் இறங்கினான்.

அக்காலத்தில் கொழும்பு - கண்டிச் சாலையே மலைநாட்டின் உயிர்நாடி. இருப்புப்பாதை கண்டியை எட்டியது 1867இல்தான். அதுவரை தோட்டங்களின் காப்பி மாட்டுவண்டிகளிலேயே துறைமுகத்துக்கு இறங்கியது. மறுபுறம், 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத தரிசு நிலங்களை அரசுடைமையாகக் கருதியது. 1848இல் மாத்தளையில் கலகமும் மூண்டது. செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு ஈந்தவன் என்று சரதியேலை மக்கள் போற்றியதற்கு இச்சூழ்நிலையும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம்.

1864 மார்ச் 21 அன்று, மாவனெல்லையில் ஒரு வீட்டில் தங்கியிருந்த அவனைக் காவலர் சூழ்ந்துகொண்டனர். கூட்டாளி ஒருவனே காட்டிக்கொடுத்திருந்தான். அப்போது நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் சபான் என்ற மலாய்க் காவலர் உயிரிழந்தார். கேகாலை உதவி அரசாங்க அதிபர் சாண்டர்ஸ் படைவீரருடன் வந்து சேர, சரதியேலும் மரிக்காரும் பிடிபட்டனர். கண்டியில் விசாரணை நடந்தது. அவ்வாண்டு மே 7 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சிறையில் அவனைச் சந்தித்துவந்த கத்தோலிக்கக் குரு துஃபோவின் போதனையினால், கிறிஸ்தவ விசுவாசத்தைத் தழுவியவனாகச் சரதியேல் மரித்தான். 1866இல் இலங்கைக் காவல்துறை புதிதாக ஒழுங்குபடுத்தப்பட்டது.

இச்சரித்திரத்தில் இரண்டு நினைவுகள் நிலைத்துள்ளன. மக்கள் கதைகளில் சரதியேல் வீரனாக வாழ்கிறான். காவல்துறையோ ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் நாளைச் சபானை முன்னிட்டுக் காவல்துறை வீரர் தினமாக அனுசரிக்கிறது. திருச்சபை எந்த நினைவைப் பேணவேண்டும்? மனந்திரும்பியவனை மட்டும் கொண்டாடினால் சபானின் இரத்தத்தை மறந்தவர்களாவோம். தண்டனையை மட்டும் நியாயமென்றால் கிருபையை மறுதலித்தவர்களாவோம்.

இன்னுமொரு கேள்வியும் நம்மை உறுத்துகிறது. தூக்குமேடையண்டை அவனுக்குத் துணைநிற்க ஒரு குருவானவர் இருந்தார். உதுவன்கந்தையில் அவன் இளைஞனாய் அலைந்தபோது அருகில் நின்றவர் யார்? சிறைச்சாலை ஊழியத்துக்கு ஆயத்தமாகும் நம் மாணவர்கள், அதற்கு முன்பே தொடங்கவேண்டிய ஊழியத்தையும் சிந்திப்பார்களாக.