தராசு ஆடுதா, கோள் ஆடுதா?

எங்க அப்பா மளிகைக் கடை வச்சிருந்தார். காலையில கடையைத் திறந்ததும் முதல் வேலை, ரெண்டு தட்டையும் காலியா விட்டு தராசு முள் நேரா நிக்குதான்னு பார்க்கறதுதான். "சரக்கை அப்புறம் நிறுக்கலாம், முதல்ல தராசை நிறு"ம்பார். அந்த வயசுல எரிச்சலா இருக்கும். இப்போ வானியல் வரலாறு படிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான் வருது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வேற நட்சத்திரத்தைச் சுத்துற கோளை நேரடியாகப் பார்ப்பது மகா கஷ்டம். நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் அது தொலைந்துபோகும். ஆனால் கோள் சுற்றும்போது நட்சத்திரமும் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தை அளந்தால் கோளின் எடை கிடைக்கும். கேட்க சுலபம்தான் :-)

முதலில் ஏமாந்தவர்களில் ஒருவர் நம்ம சென்னையில் இருந்தவர். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். 70 ஒஃபியூகி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதை கணக்கோடு ஒட்டவில்லை, அங்கே ஒரு கோள் இருக்க வாய்ப்பு அதிகம் என்று 1855-ல் எழுதினார். பின்னாடி வந்த அளவீடுகளில் அந்தக் கோள் காணாமல் போனது. (இது சிவப்புக் குள்ள நட்சத்திரம் இல்லை. ஆனா கதையை நம்ம ஊர்ல இருந்து ஆரம்பிக்காம விட மனசு வரலை.)

அடுத்தவர் பீட்டர் வான் டி காம்ப். நெதர்லாந்துக்காரர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்ப்ரோல் வானாய்வகத்தில் வேலை. அவர் பிடித்துக்கொண்டது பர்னார்டு நட்சத்திரம். ஆறு ஒளியாண்டு தூரம், சூரியனில் ஆறில் ஒரு பங்கு எடை, அசல் சிவப்புக் குள்ளன். எடை குறைந்த நட்சத்திரத்தைச் சின்னக் கோள்கூட நன்றாக ஆட்டும், அதுதான் கணக்கு. 1938-லிருந்து வருஷா வருஷம் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். 2000-க்கும் மேற்பட்ட தகடுகளை அளந்து, 1963-ல் அறிவித்தார்: வியாழனைப் போல 1.6 மடங்கு எடையுள்ள கோள், 24 வருஷத்துக்கு ஒரு சுற்று. தகட்டில் அந்த ஆட்டம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு! பல வருஷம் பாடப் புத்தகங்களில்கூட அந்தக் கோள் வாழ்ந்தது.

1973-ல் வந்தது இடி. ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிக் ஐக்ஹார்னும் வேறு தொலைநோக்கிகளின் தகடுகளை அளந்தார்கள். ஆட்டமே இல்லை. அதே சமயம் ஸ்ப்ரோலிலேயே வேலை பார்த்த ஜான் ஹெர்ஷி, கிளீஸ் 793 என்ற சம்பந்தமே இல்லாத நட்சத்திரத்தை அதே தொலைநோக்கியின் தகடுகளில் அளந்தார். அதுவும் அதே வருஷங்களில் துள்ளியிருந்தது! 1949-ல் லென்ஸைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருந்தார்கள், 1957-ல் லென்ஸைச் சரிசெய்திருந்தார்கள். ஆடியது நட்சத்திரம் இல்லீங்க, தராசு.

வான் டி காம்ப் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. 1995 மே மாதம் காலமானார். அதே வருஷம் அக்டோபரில்தான் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. மனுஷனை நினைச்சா பாவமா இருக்கு.

அதற்குள் முறையும் மாறியிருந்தது. இடம் மாறுவதை அளக்காமல், நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அது நம்மை நோக்கி வரும் வேகத்தையும் விலகிப் போகும் வேகத்தையும் அளந்தார்கள். பூமி சூரியனை ஆட்டுவது நொடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர். சிவப்புக் குள்ளர்களிடம் இது பல மடங்கு கூடும். அவை மங்கலானவை என்பதால், தண்ணீர் தண்ணீராகவே நிற்கக்கூடிய மிதமான இடமும் அவற்றுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கும்.

இங்கேதான் நானும் ஏமாந்தேன். 2010-ல் 20 ஒளியாண்டு தள்ளி கிளீஸ் 581-ஜி என்ற மிதமான கோள் இருப்பதாக அறிவித்தார்கள். ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மொட்டை மாடியில் மகளை நிறுத்தி, "அந்தப் பக்கம் இன்னொரு பூமி இருக்கு"ன்னேன். 2014-ல் பால் ராபர்ட்சன் குழு போட்டு உடைத்தது. ஜி மட்டுமல்ல, 2007-லிருந்து பேசப்பட்ட 'டி' என்ற கோளும் இல்லை. 66 நாள் சுற்று என்று நினைத்தது, சுமார் 130 நாளில் தன்னைத்தானே சுற்றும் நட்சத்திரத்தின் காந்தச் சேட்டை. இந்தத் தடவை கருவியில் குற்றமில்லை, நட்சத்திரமே ஏமாற்றிவிட்டது. மகளிடம் சொன்னேன். "அப்ப நீ பொய் சொன்னியா?"ன்னு கேட்டா. பதில் சொல்லத் தெரியலை.

2016-ல் கியேம் ஆங்லாடா எஸ்குடே குழு பிராக்சிமா சென்டாரியைப் பிடித்தபோது இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. சிலியில் பெரிய தொலைநோக்கி இரவுக்கு இரவு வேகத்தை அளக்க, சின்னத் தொலைநோக்கிகள் அதே சமயம் நட்சத்திரத்தின் வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று காவல் காத்தன. அதாவது சரக்கோடு தராசையும் நிறுத்தார்கள்! கிடைத்த ஆட்டம் நொடிக்கு சுமார் 1.4 மீட்டர், நாம நடக்கிற வேகம். 4.2 ஒளியாண்டு தூரத்தில், 11.2 நாளில் ஒரு சுற்று, பூமியை ஒத்த எடை. இந்த எடையும் குறைந்தபட்சக் கணக்குதான். பாதையின் சாய்வு தெரியாதவரை அது கூடலாம்.

பர்னார்டு நட்சத்திரமும் சும்மா இருக்கவில்லை. 2018-ல் 233 நாள் கோள் என்றார்கள், 2021-ல் அதுவும் நட்சத்திரத்தின் சேட்டை என்றானது. கடைசியில் 2024-ல் ஒன்று, 2025-ல் மொத்தம் நான்கு என்று உறுதியானது. நான்குமே பூமியைவிட எடை குறைந்தவை, ஏழு நாளுக்குள் சுற்றி முடிப்பவை, மிதமான இடத்தைத் தாண்டிச் சுடுபவை. வான் டி காம்ப் தேடிய இடத்தில் கோள் இருந்தது. அவர் கண்ட கோள்தான் இல்லை.

மகள் இப்போ பெரியவளாயிட்டா. போன வாரம் மாடியில் இதையெல்லாம் சொன்னேன். "இதுவாவது நிச்சயமாப்பா?"ன்னா.

"தராசையும் நிறுத்துட்டாங்கம்மா"ன்னேன். இந்தத் தடவை அவ்வளவுதான் சொன்னேன்.