ஹூக் முனை: பெயர்ப்பில் மறைந்த துறவி

அயர்லாந்தின் தென்கிழக்கில், வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டம் கடலுக்குள் நீண்டு முடியும் இடத்திற்கு ஹூக் முனை என்று பெயர். அங்குள்ள கலங்கரை விளக்கம், இன்றும் ஒளி வழங்கும் உலகின் மிகத் தொன்மையான விளக்கங்களுள் ஒன்று. அதன் காவலர் குடியிருப்புகள் 2001 முதல் சிறியதொரு பார்வையாளர் மையமாக இயங்குகின்றன.

ஹூக் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கொக்கி என்று பொருள். நிலத்தின் வடிவால் வந்த பெயர் என்றே புதிதாக வருபவர் கருதக்கூடும். ஆனால் ஐரிஷ் மொழியில் அவ்விடம் 'ரின் டுவான்'. ரின் என்பது முனை. டுவான் என்பது, 5ஆம் நூற்றாண்டில் வேல்சிலிருந்து வந்து அங்கே மடம் அமைத்ததாக மரபு கூறும் துறவியின் பெயர். அப்பெயரின் நடுவில் நின்ற மெய்யொலி காலப்போக்கில் நெகிழ்ந்து மறைய, தூண்டில் முள்ளைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லோடு அது ஒலியால் ஒன்றாயிற்று. ஆங்கிலம் பேசிய குடியேறிகள் துறவியை விட்டுவிட்டு முள்ளை மொழிபெயர்த்தனர் என்பதே பரவலாகத் தரப்படும் விளக்கம்.

இன்றுள்ள கோபுரம் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. லென்ஸ்டர் பகுதியின் பிரபுவான வில்லியம் மார்ஷல் ஆற்றின் மேற்பகுதியில் நியூ ராஸ் துறைமுக நகரை நிறுவினார். அங்குச் செல்லும் கலங்களுக்கு வழிகாட்டவே இக்கோபுரம் எழுந்தது. சுவர்கள் சில இடங்களில் 4 மீட்டர் தடிமன் கொண்டவை. விளக்கின் முதற்காவலர்கள் அம்மடத்துத் துறவியரே. அவர்களுக்குரிய நிலுவையைக் கொடுக்குமாறு 1247இல் மன்னர் மூன்றாம் ஹென்றி ஆணையிட்டார். விளக்குக் காத்தவர்களுக்குக் கூலி உரிய காலத்தில் சேரவில்லை என்பதற்கு அவ்வாணையே சான்று.

நிலக்கரித் தீ 1791இல் திமிங்கில எண்ணெய் விளக்குகளுக்கு இடம் தந்தது. 1972இல் மின்விளக்கு வந்தது. 1996இல் விளக்கு தானியங்கியானதும் இறுதிக் காவலர்கள் வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில்தான் இன்று பார்வையாளர்கள் வந்து கூடுகின்றனர்.

115 படிகள் ஏறிச்செல்லும் அவர்களுக்கு வழிகாட்டி துறவியரின் கதையைச் சொல்கிறார். முதற்காவலரின் பெயரை மொழிபெயர்ப்பு மறைத்தது; இறுதிக் காவலரின் பணியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரு மொழி தேயும்போது அதன் சொற்கள் மட்டுமே அழிவதில்லை. இடப்பெயர்களுக்குள் குடியிருந்த மனிதரும் மறைகின்றனர். அவர்களை மீட்பதற்கு, இத்தகைய சிறிய மையம் ஒன்றில் ஒருவர் நின்று அப்பெயரை அதன் சொந்த மொழியில் உரக்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.