ஹெராக்ளிட்டஸ்: வில்லும் யாழும்

கி.மு. 500-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கச் சிந்தனையாளர் ஹெராக்ளிட்டஸ். ஊர் எஃபெசஸ், இன்று துருக்கியின் மேற்குப் பகுதியில், செல்ச்சுக் நகரை அடுத்து அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. அரச மரபில் பிறந்தவர், தமக்கு உரிய பட்டத்தைச் சகோதரருக்கு விட்டுக்கொடுத்தார் என்கிறார், பல நூற்றாண்டு கழித்து அவர் வரலாற்றை எழுதிய டயோஜீனஸ் லயெர்ட்டியஸ். தாம் எழுதிய நூலை ஊரின் ஆர்ட்டெமிஸ் கோயிலில் கொண்டுபோய் வைத்தாராம். அந்த நூல் இன்றில்லை. பின்வந்தவர்கள் எடுத்தாண்ட நூற்றுச் சொச்சம் துண்டுகள்தான் மிச்சம். அவற்றை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் டீல்ஸ் 1903-இல் தொகுத்து எண்ணிட்டார்.

விடுகதை போலப் பேசியதால் பழங்காலத்தவரே அவரை ‘இருண்டவர்’ என்றார்கள். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகள் எல்லாம் கண்முன் இருப்பவை. கடல்நீர் மீனுக்கு உயிர், மனிதனுக்குக் கேடு. மேட்டுக்கு ஏறும் வழியேதான் இறங்குவதும். வெட்டியும் சுட்டும் நோயாளியை வதைக்கிற மருத்துவர், அதற்குக் கூலியும் கேட்கிறார். பசித்தவனுக்கே சோறு ருசிக்கும், களைத்தவனுக்கே ஓய்வு இனிக்கும் என்ற மனித இயல்பும் அவர் கண்ணில் பட்டது.

இவற்றில் மிக ஆழமானது வில், யாழ் உவமை. வளைத்த கொம்பு நிமிரத் துடிக்கும். நாண் அதை இழுத்துப் பிடிக்கும். இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்துவிட்டால் மிஞ்சுவது குச்சியும் கயிறும்தான். யாழும் அப்படியே: நரம்பு தளர்ந்தால் இசை இல்லை. பழைய கிரேக்கத்தில் வில்லுக்கு ‘பியோஸ்’ என்றொரு பெயர். வாழ்வுக்கும் அதே எழுத்துகள், அழுத்தம் மட்டும் இடம் மாறும். பெயரில் வாழ்வு, செயலில் சாவு என்று அதையும் அவர் ஒரு முரணாகக் கண்டார். தமிழ் வாசகருக்கு இந்த உவமை அந்நியமாக இராது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், குமிழங்கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் மீட்டுகிறான்.

‘எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது’ என்று அவர் பெயரில் உலவும் வாசகம் அந்தத் துண்டுகளில் அப்படியே இல்லை. ஒரே ஆற்றில் கால் வைப்பவர் மீது வேறு வேறு நீர் பாய்கிறது என்பதே அவர் கருத்து. நீர் மாறுவதால்தான் ஆறு ஆறாக நிலைக்கிறது. ஓட்டம் நின்றால் அது குட்டை. அவர் வழியில் வந்த கிராட்டிலஸ், ஒரே ஆற்றில் ஒருமுறைகூட இறங்க முடியாது என்று வாதாடி, கடைசியில் பேச்சையே விட்டுவிட்டு விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்ததாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார். குருவையும் இந்தச் சீடரையும் ஒரே தட்டில் வைப்பது பெரும் பிழை.

ஒரு பொருளை உண்டு என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லலாகாது என்பது அரிஸ்டாட்டிலின் அடிப்படை விதி. அதை மீறியவர் என்ற பழி ஹெராக்ளிட்டஸ் மேல் விழுந்தது. பழி முழுக்கப் பொருந்தாது. கடல்நீர் யாருக்கு உயிர், யாருக்குக் கேடு என்று அவர் பிரித்துத்தான் சொல்கிறார். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகலோ, ஹெராக்ளிட்டஸின் கூற்றுகளில் தம் தர்க்கவியலில் ஏற்காதது ஒன்றுமில்லை என்றே விரிவுரையில் அறிவித்தார்.

வாட்டிகனில் ரஃபேல் 1509-க்கும் 1511-க்கும் இடையே தீட்டிய ‘ஏதென்ஸ் பள்ளி’ சுவரோவியத்தில், முன்படியில் கன்னத்தில் கை ஊன்றித் தனியே உட்கார்ந்திருப்பவரை ஹெராக்ளிட்டஸ் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். முகச்சாயல் மைக்கலாஞ்சலோவுடையது என்பார்கள். மிலான் நகரில் உள்ள முன்வரைவில் அந்த உருவம் இல்லை.